பின்னால் எரிந்த சிவப்பு

ஹாஜியம்மா இன்ஷிராஹ் முதல் மாடி பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய கூடையை இறக்கினாள். அன்றைய வசூலை அதில் போட்டுவிட்டு ஷெஹாத்தா கயிற்றை லேசாக இழுத்துக் காட்டினான். கூடை மேலே போகவில்லை.

"வண்டியத் திருப்பி நிறுத்து" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"எதுக்கு ஹாஜியம்மா? காலையில வெள்ளன கிளம்பணும். இப்படியே நின்னாத்தான் தோது."

"தினமும் பின்பக்கத்தக் காட்டிக்கிட்டுத்தானே நிக்கும்? இன்னைக்கு மட்டும் என்ன மூஞ்சியக் காட்டுது? திருப்பு."

ஷெஹாத்தா அந்தக் குறுகிய சந்தில் முன்னும் பின்னுமாக மைக்ரோபஸ்ஸைத் திருப்பினான். வீட்டு விளக்கின் வெளிச்சம் பின்கதவின் மேல் விழுந்தது. கதவின் கீழ்ப்பாதி, யாரோ முழங்காலால் அழுத்தியதுபோல உள்ளே போயிருந்தது.

"யாரு?"

"பயூமி. ஸ்டாண்டு வாசல்லயே வந்து முட்டிட்டான்."

"போன மாசம் தக்காளி வண்டிக்காரன். அதுக்கு முன்னாடி பனியில எவனோ ஒருத்தன், முட்டிட்டு ஓடிட்டான்னு சொன்ன. இப்போ பயூமி. தமன்ஹூர்ல இத்தனை வண்டி ஓடுது, எல்லாம் என் வண்டி பிட்டத்தையே தேடி வருதா? அதுல என்ன தேனா தடவியிருக்கு? இல்ல, நீயும் அந்த டிங்கர் கடைக்காரனும் கூட்டா?"

"வல்லாஹி, இல்ல ஹாஜியம்மா!"

"சத்தியம் பண்ணாத. சத்தியம் பண்றவன நான் இன்னும் கொஞ்சம் கூடுதலா சந்தேகப்படுவேன். கேட்டுக்க. இன்னும் ஒரே ஒரு நசுங்கல். அன்னைக்கு இந்தக் கூடையில காசோட சாவியையும் வெச்சுட்டு நடந்து வீட்டுக்குப் போயிடு."

கூடை மேலே ஏறியது. ஷெஹாத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பஞ்சாலையில் பொதி சுமந்து முதுகெலும்பு தேய்ந்தபின் அவனுக்கு மிஞ்சியது இந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். இதுவும் போனால் எந்த முதுகை வைத்துக்கொண்டு எங்கே போவது?

நடந்தே வீட்டுக்குப் போனான். படுத்தும் கண் மூடவில்லை. பயூமியின் முகம் வந்து வந்து போனது. முன்பு ஹாஜியம்மாவின் இந்த வண்டியை ஓட்டியவன் அவன்தான். இதே கூடையில்தான் ஒருநாள் அவனும் சாவியை வைத்தான். இப்போது தன் மாமனின் ஓட்டை வண்டியை அலெக்ஸாந்திரியாவுக்கும் தமன்ஹூருக்குமாக உருட்டிக்கொண்டிருக்கிறான். ஹாஜியம்மாவின் வண்டி மேல் அவனுக்குக் கண் இல்லாமலா இருக்கும்?

இன்னொன்றும் உறுத்தியது. கஃப்ர் அத்தவ்வார் ரயில்வே கேட்டில் முட்டிய தக்காளி வண்டிக்காரன் கீழே இறங்கியதும் கத்தினானே, "நீ பிரேக்கே போடலயே!" என்று. இன்று பயூமியும் அதையே, எழுத்து மாறாமல் சொன்னான். "நீ பிரேக்கே போடலயே!" ஒருவன் சொன்னால் சமாளிப்பு. இரண்டு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது பாடம் சொல்லிக் கொடுத்தது. அந்தத் தக்காளிக்காரன் பயூமியின் மனைவி ஊர்க்காரன் வேறு.

மறுநாள் நடுப்பகலில் அலெக்ஸாந்திரியா ஸ்டாண்டில் டீக்கடைக்காரனைப் பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதித்துப் பார்த்தான்.

"எரியுதா?"

"ரெண்டும் ஜோரா எரியுது உஸ்தா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"என் டீ ஆறுது. நல்லாத்தான் பாத்தேன்."

அப்படியானால் பொய்தான். இருவரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லும் பொய்.

பிரேக் விளக்குகளுக்குக் கீழே இருந்த இரண்டு சிவப்பு விளக்குகளை அவன் நினைத்தும் பார்க்கவில்லை. அவை அவனுடைய பெருமை. முதல் முறை பனியில் முட்டுப்பட்டபோது வாங்கியவை. எங்கோ ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த லாரியிலிருந்து கழற்றியவை என்று பழைய இரும்புக் கடைக்காரன் சொன்னான். பனிமூட்டத்தில் பின்னால் வருகிறவனுக்குத் தெரியவேண்டும் என்றே செய்த விளக்கு. கண்ணாடி தடிமன், பல்பு பெரிது. எலக்ட்ரீஷியன் மித்வல்லி அவற்றைப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மாட்டி, ஹெட்லைட் ஒயரோடு சேர்த்து முறுக்கிவிட்டான்.

"தனி ஸ்விட்ச்சு எதுக்கு உஸ்தா? லைட்டப் போட்டா இதுவும் தானா எரியும். மறந்து போகவே வழியில்ல."

அன்றுமுதல் அந்தி நேர மக்ரிப் பாங்கு சொன்னதும் ஷெஹாத்தாவின் வண்டியின் பின்புறம் அடுப்பு மாதிரி ஜொலித்தது. ஸ்டாண்டில் கேலி பேசினார்கள். "பின்னாடி என்ன, கல்யாண வீடா?" என்றார்கள். "உன் பின்னாடி வந்தா சன்கிளாஸ் போடணும்டா" என்றார்கள். பொறாமை என்று ஷெஹாத்தா சிரித்துக்கொண்டான். இத்தனை வெளிச்சத்தைப் பார்த்த பிறகும் ஒருவன் வந்து முட்டினால், வேண்டுமென்றே முட்டுகிறான் என்றுதானே அர்த்தம்?

அன்று மாலை தமன்ஹூர் ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது பயூமி தன் வண்டியின் படியில் உட்கார்ந்து ரொட்டியில் ஃபூல் மொச்சை மசியல் அடைத்துத் தின்றுகொண்டிருந்தான். தடித்த மீசை, எப்போதும் பாதி மூடிய கண்கள். ஷெஹாத்தா நேரே போய் அவன் முன் நின்றான்.

"எவ்வளவு நாளா பிளான் போட்ட?"

"எதுக்கு?"

"என்னை இறக்கிவிட்டுட்டு அந்த சீட்டுல உக்கார."

பயூமி மென்றபடியே அண்ணாந்து பார்த்தான். "அந்த சீட்டா? அதுல ஒரு கம்பி துருத்திக்கிட்டு நிக்கும். ஹாஜியம்மா மாத்தித் தர மாட்டா. நீயே வெச்சுக்க பாஷா."

"அப்புறம் ஏன் முட்டின?"

"நீ பிரேக் போடல, நான் முட்டினேன்."

"பிரேக் லைட்டு ரெண்டும் எரியுது. இன்னைக்கு மத்தியானம் சாட்சி வெச்சுப் பாத்தாச்சு."

"மத்தியானம் எரியலாம். நேத்து சாயங்காலம் எரியல. என் புள்ள மேல ஆணையா எரியல."

"புள்ளைய எதுக்குடா இதுல இழுக்கற!"

சுற்றிலும் ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் டீ கிளாஸோடு வந்தான். ஒருவன் நாற்காலியோடு வந்தான். பயூமி கையிலிருந்ததை ஒரே வாயில் அடைத்துவிட்டு எழுந்தான்.

"சரி. ஒண்ணு பண்ணு. உன் வண்டிய நான் ஓட்டறேன். என் வண்டியில நீ பின்னாடி வா. அபூ ஹுமுஸ் வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம். நான் பிரேக் போடும்போது லைட்டு எரியுதா இல்லையான்னு உன் கண்ணாலயே பாரு. எரிஞ்சா, கதவத் தட்டிச் சரி பண்ற செலவு என்னோடது."

ஷெஹாத்தாவின் மூளை வேகமாக ஓடியது. சாவி கேட்கிறான். சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே ஹாஜியம்மா வீட்டு வாசலில் போய் நின்றால்? 'பாருங்க, உங்க வண்டிய இவன் கண்டவன்கிட்டயெல்லாம் குடுக்கறான்' என்றால்?

"குடு ஷெஹாத்தா" என்றான் நாற்காலியில் இருந்தவன். "பயப்படறியா? உன் வண்டிய அவன் தின்னுடுவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷெஹாத்தா சாவியைக் கொடுத்தான். கொடுத்த கையோடு ஒரு முடிவும் எடுத்தான். இவனைக் கண்ணைவிட்டு நகரவிடக் கூடாது. வாலைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும்.

பயூமியின் வண்டிக்குள் வறுத்த சூரியகாந்தி விதைத் தோலும் ஊறுகாய் நெடியும். இருக்கைக்கு அடியிலும் டப்பாவிலும் ஷெஹாத்தா ஒரு துழாவு துழாவினான். எதைத் தேடுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு கிழிந்த துண்டும் டர்னிப் ஊறுகாய் பாட்டிலும் கிடைத்தன. யோக்கியன் மாதிரி நடிக்கிறவன் வண்டியில் இவ்வளவுதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

விவசாயச் சாலை என்று பேர்பெற்ற நெடுஞ்சாலையில் ஏறும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வானம் சுத்தம், பனியின் சுவடே இல்லை. பயூமி விளக்கைப் போட்டான். முன்னால் இரண்டு சிவப்புக் கனல்கள் பற்றின.

ஷெஹாத்தா தன் வண்டியின் பின்புறத்தை இருட்டில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மனிதன் தன் முதுகைப் பார்க்க முடியாது அல்லவா? அட, என்ன வெளிச்சம் என்று ஒரு கணம் குளிர்ந்தது நெஞ்சு. அடுத்த கணம் கண் கூசியது. கண்ணை இடுக்கினான். வண்டியின் உருவம் கரைந்து போயிற்று. எதிரே இரண்டு சிவப்பு மட்டும் நின்றன. அவை கிட்டே இருக்கின்றனவா எட்டத்தில் இருக்கின்றனவா என்றுகூடப் பிடிபடவில்லை.

கொஞ்சம் பின்தங்கலாம் என்று கால் சொன்னது. பின்தங்கினால் சந்து பொந்தில் திருப்பிவிடுவான் என்று மனம் சொன்னது. ஷெஹாத்தா மனம் சொன்னதைக் கேட்டான். இடைவெளியை இன்னும் குறைத்தான்.

வாய்க்கால் பாலம் நெருங்கியது. வலது கரையிலிருந்து பர்சீம் புல் ஏற்றிய கழுதை வண்டி ஒன்று, விளக்கும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல் சாலையில் ஏறியது. ஷெஹாத்தா அதைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது சிவப்பு. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அது கண்ணாடி முழுக்கப் பெரிதாயிற்று.

மிதித்தான். டயர் கதறியது. டமார்.

மார்பு ஸ்டியரிங்கில் மோதி நின்றபோது ஊறுகாய் பாட்டில் உருண்டு காலடிக்கு வந்தது. பயூமி இஞ்சினை அணைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தான்.

ஷெஹாத்தா கதவைத் திறந்து குதித்தான். வாயைத் திறந்தான். "நீ பிரேக்கே போடலயே!"

சொல்லி முடித்தபோதுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று காதில் விழுந்தது. தக்காளிக்காரன் சொன்னது. பயூமி சொன்னது. இப்போது தன் வாயிலிருந்தே வந்தது. இதை அவனுக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை.

"நான் பிரேக் போடலயா?" பயூமி தலையில் கை வைத்தான். "அந்தக் கழுதைக்கிட்ட கேளு! அதோட மூக்குக்கு முன்னாடி நிறுத்தினேன்! பிரேக் போடாமயா வண்டி நின்னுது?"

கழுதைக்காரன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். பின்னால் வரிசையாக ஹாரன்கள் அலறத் தொடங்கின. பின்கதவு இப்போது நன்றாகவே உள்ளே போயிருந்தது. பூட்டு கழன்று தொங்கியது. அவ்வளவுதான், சாவி போயிற்று.

"லைட்டு எரிஞ்சுதா இல்லையா? அதச் சொல்லு" என்றான் பயூமி.

"எரியல." பிறகு ஷெஹாத்தாவுக்கே குழப்பமாக இருந்தது. "எரிஞ்சுது. சிவப்பா எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா நீ மிதிச்சது தெரியல. நீ ஏதோ பண்ணியிருக்க."

"ஆமா, மந்திரம் வெச்சேன். ஏறு, போலாம். ஹாஜியம்மாகிட்ட நீ சொல்லப்போறத நானும் கூட நின்னு கேக்கணும். உன்னத் தனியா விட்டா நான்தான் முட்டினேன்னு சொல்லுவ."

அப்படிச் சொல்லத்தான் ஷெஹாத்தா மனசுக்குள் கோர்த்துக்கொண்டிருந்தான்.

சந்துக்குள் முன்னால் பயூமியும் பின்னால் ஷெஹாத்தாவுமாக இரண்டு வண்டிகளும் நுழைந்தன. சத்தம் கேட்டு ஹாஜியம்மா பால்கனிக்கு வந்தாள். தன் வண்டியிலிருந்து பயூமி இறங்குவதைப் பார்த்தாள். பின்கதவைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் கூடையை இறக்கினாள். கூடை ஷெஹாத்தாவின் மார்புக்கு நேரே வந்து ஆடியது.

"சாவி."

"ஹாஜியம்மா, ஒரு நிமிஷம்..."

"யாரு முட்டினது?"

பயூமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஷெஹாத்தா அவன் பாதி மூடிய கண்களைப் பார்த்தான். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். நேற்றுச் சொன்னதுதானே. ஆனால் காதுக்குள் தன் குரலே திரும்பத் திரும்ப ஒலித்தது.

"நான்தான்."

"என்னது?"

"என் வண்டிய நான்தான் முட்டினேன். பயூமி ஓட்டினான், நான் பின்னாடி வந்து முட்டினேன்."

மேலே தலை ஒன்று பால்கனிக்கு வெளியே நீண்டது. பிறகு, "பயூமி உனக்கு என்ன குடுத்தான்?" என்றாள் ஹாஜியம்மா.

"ஒண்ணும் குடுக்கல!"

"என் வண்டிய அடுத்தவன்கிட்டக் குடுத்துட்டு, அதையே பின்னாடி போய் முட்டினேன்னு ஒரு டிரைவர் சொல்றான். நாப்பது வருஷமா டிரைவருங்ககிட்ட பொய் கேக்கறேன், இப்படி ஒண்ணு கேட்டதில்ல. இருங்கடா, வர்றேன்."

கீழே வந்தாள். முட்டி வலிக்குப் பயந்து நோன்புப் பெருநாளுக்குக்கூடப் படி இறங்காதவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொருவரைத் திட்டியபடி இறங்கினாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"எப்படி முட்டின? காட்டு."

"இவன் பிரேக் போட்டான்னு சொல்றான். எனக்குத் தெரியல."

"பயூமி, ஏறு. ஓட்டும்போது இருந்த மாதிரியே லைட்டப் போடு. நான் சொல்லும்போது மிதி."

பயூமி ஏறினான். இரண்டு சிவப்பும் பற்றின. எதிர்ச் சுவர் சிவந்தது. ஹாஜியம்மா கையால் கண்ணை மறைத்தாள்.

"அல்லாவே, என்ன இது, நரகத்தோட வாசலா? சரி, மிதி!"

ஷெஹாத்தாவும் அவளும் பார்த்தார்கள். சிவப்பு அப்படியே இருந்தது.

"மிதிடா!"

"மிதிச்சுட்டேன் ஹாஜியம்மா!"

"பாத்தீங்களா?" ஷெஹாத்தா துள்ளினான். "மிதிக்காமயே மிதிச்சேன்னு சொல்றான்! நான் சொல்லல? இப்படித்தான் பாலத்துலயும்!"

"எப்பவோ மிதிச்சாச்சு. காலே வலிக்குது!"

ஹாஜியம்மா இருவரையும் நம்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து ஓட்டுநர் பக்கம் போனாள். கதவைத் திறந்தாள். குனிந்து பயூமியின் பாதத்தைப் பார்த்தாள். அதுவும் போதாமல் கையை நீட்டி பிரேக் மிதிகட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அது அடிவரை அமுங்கியிருந்தது.

"ஷெஹாத்தா, இவன் கால் பிரேக்குலதான் இருக்கு. பின்னாடி என்ன தெரியுது?"

"சிவப்பு."

"மிதிக்கறதுக்கு முன்னாடி?"

ஷெஹாத்தா அந்தச் சிவப்பையே மறுபடி பார்த்தான்.

"கால எடுக்காத. லைட்ட அணை" என்றாள் பயூமியிடம்.

கீழே இருந்த இரண்டு கனல்களும் செத்தன. அவற்றுக்கு மேலே, பிரேக் விளக்குகள் இரண்டும் தெளிவாக, சாதுவாக எரிந்துகொண்டிருந்தன. இவ்வளவு நேரமும் அங்கேயே எரிந்துகொண்டிருந்திருக்கின்றன.

ஜன்னலிலிருந்து யாரோ இருமினார்கள்.

"அந்தக் கீழ் லைட்ட யாரு மாட்டினது?"

"நான்தான் ஹாஜியம்மா. பனிக்காக. பின்னாடி வர்றவனுக்குத் தெரியட்டும்னு."

"இன்னைக்குப் பனியா?"

"இல்ல."

"நேத்து பயூமி முட்டினப்போ?"

"இல்ல. ஹெட்லைட்டோட சேத்துக் கட்டிட்டான் மித்வல்லி. தினமும் எரியும்."

பயூமி இறங்கி வந்து பின்கதவில் சாய்ந்தான். "எவன் எவனோ உன்ன முட்ட சதி பண்றான்னு சொன்னியே. சதிகாரனப் பிடிச்சாச்சு. சந்தோஷமா பாஷா?"

ஷெஹாத்தா வண்டியிலிருந்து சாவியை உருவி, ஆடாமல் நின்றுவிட்ட கூடையில் வைத்தான். ஹாஜியம்மா அதை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள், சந்தையில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல.

"முட்டினது நீதான்னு ஏன் சொன்ன? பயூமின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே."

"தெரியல ஹாஜியம்மா."

"அதுதான் எனக்கும் புரியல. போகட்டும்." சாவியை அவன் சட்டைப் பையில் போட்டாள். "நாளைக்கு மித்வல்லிகிட்டப் போய் ஒயரப் பிரி. அதுக்குத் தனி ஸ்விட்ச்சு. உன் கண்ணுல படற மாதிரி மேலயே வை. கதவு உன் செலவு. பயூமி வண்டி மூஞ்சியும் உன் செலவு."

"கழட்டியே எறிஞ்சுடறேன்."

"எதுக்கு? பனியில முட்டி ஓடினானே ஒருத்தன், அவன் பொய்யா?"

"அது நெஜம்."

"அப்போ பனிக்கு வெச்சுக்க. பனிக்கு மட்டும்."

மித்வல்லி முனகிக்கொண்டே ஒயரைப் பிரித்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச்சு வந்தது. அது எரியும்போது ஒரு சின்ன மஞ்சள் புள்ளியும் எரிந்தது. எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்று ஷெஹாத்தா தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிறவனின் ஹெட்லைட் தெரியாவிட்டால், அவனுக்கும் நான் தெரியமாட்டேன், போடு. தெரிந்துவிட்டால் அவனுக்கும் நான் தெரிவேன், அணை.

அடுத்த வாரமே ஒரு விடியலில் பெரும் பனி இறங்கியது. வாய்க்காலும் வயலும் சாலையும் ஒரே வெள்ளைச் சோறாகக் குழைந்து கிடந்தன. ஷெஹாத்தா ஸ்விட்ச்சைப் போட்டான். பக்கக் கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பயணிகள் மூச்சு விடாமல் இருந்தார்கள். அபூ ஹுமுஸ் தாண்டும்போது பின்னால் ஒரு பெரிய லாரி பெருமூச்சோடு வேகம் குறைப்பது கேட்டது. அது முட்டவில்லை. தூரத்திலேயே நின்று நின்று வந்தது.

போன் அடித்தது. ஹாஜியம்மா.

"பால்கனியில நிக்கறேன். எதிர்ல பள்ளிவாசல் மினாராவக் காணோம். போட்டியா?"

"போட்டாச்சு."

கஃப்ர் அத்தவ்வாரை நெருங்கும்போது சூரியன் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒருத்தி பையிலிருந்து ரொட்டி எடுத்துப் பிய்த்து எல்லோருக்கும் நீட்டினாள். சிரிப்பு கேட்டது. ஷெஹாத்தாவும் ஒரு துண்டு வாங்கி மென்றான். மறுபடியும் போன்.

"மினாரா தெரியுது. அது மேல உக்காந்திருக்கற புறாவும் தெரியுது. அணைச்சியா?"

ஷெஹாத்தா ஸ்டியரிங் பக்கம் பார்த்தான். மஞ்சள் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிறவனின் ஹெட்லைட் பளிச்சென்று இருந்தது. அவன் கோபத்தில் அதை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கிட்டே பார்த்தால் அந்த மூஞ்சி நசுங்கிய ஓட்டை வண்டி.

சத்தம் கேட்காதபடி, விரல் நுனியால் ஸ்விட்ச்சைத் தட்டினான்.

"எப்பவோ அணைச்சாச்சு ஹாஜியம்மா."

மெதுவாக வந்தது குரல்.

"வண்டிய ஓரங்கட்டி போன பயூமிகிட்டக் குடு. அவன் பின்னாடிதான் வர்றான்னு எனக்குத் தெரியும்."